மழைக்கு அசராத பியோனி

குய்லானுக்குப் பூ என்றாலே எரிச்சல். பியோனிப் பூச்செடி வளர்க்கிறவள் அப்படிச் சொல்லலாமா என்றால், சீனாவில் போச்சோ பக்கம் தாராளமாகச் சொல்லலாம். அங்கே அந்தச் செடிக்கு மதிப்பு மண்ணுக்குக் கீழேதான். நாலு வருஷம் எரு வைத்து, களை பறித்து, குளிர் வருமுன் மண் அணைத்துக் காப்பாற்றினால் கொழுத்த வேர் கிடைக்கும். மருந்துக்காரர்கள் அள்ளிக்கொண்டு போவார்கள். பூக்க விட்டால் செடி சத்தையெல்லாம் பூவுக்கு வாரிக் கொடுத்துவிட்டு வேரைப் பட்டினி போடும். ஆகவே மொட்டு தலைகாட்டியதும் எறும்பைத் தட்டிவிட்டுக் கிள்ளி எறிவாள்.

அந்த வசந்தத்தில் கிராமச் செயலர் கெங் ஒலிபெருக்கியில் கத்தினார்: "ஒரு மொட்டையும் கிள்ளக் கூடாது! மாவட்டத் தலைவர் பூ பாக்க வர்றாரு!"

ஊரே பயந்து மொட்டுகளைத் தொடாமல் விட்டது. குய்லானின் செடிகளுக்கோ அது நாலாவது வருஷம், வேர் எடுக்கும் வருஷம். அவள் கூடையோடு இறங்கி ஒன்று விடாமல் கிள்ளினாள்.

தலைவர் வருவதற்கு முதல் நாள் கெங் அதைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். வயலோ சாலையோரம்.

"என்ன அக்கா இது, மொட்டையடிச்ச மாதிரி நிக்குது!"

"பூதான் வேணும்னா அவரைப் பூக்கடைக்குப் போகச் சொல்லு. எனக்கு அவரா சோறு போடுவாரு?"

"நாளைக்கு இங்க பூ இருக்கணும். எப்படின்னு எனக்குத் தெரியாது!"

குய்லான் அசையவில்லை. நடுங்கியது அவள் புருஷன் தேஷுன்தான். சாயங்காலம் சாக்கை எடுத்துக்கொண்டு கோதுமை வயல் நடுவே இருந்த சமாதி மேடுகளுக்குப் போனான். முன்னோருக்குப் படைக்கும் நாள் முடிந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. மேட்டுக்கு மேடு பிளாஸ்டிக் பூக்கள். அப்பா, தாத்தா, பக்கத்து வீட்டு சூய் அத்தையின் புருஷன் என்று யாரையும் விடவில்லை.

"யோவ், செத்தவங்ககிட்டயா திருடிட்டு வந்தே?"

"திருட்டு இல்லடி, கைமாத்து. உசுரோட இருந்தப்ப எங்கப்பா நமக்கு ஒரு துரும்பு கிள்ளிப் போட்டிருப்பாரா?"

குய்லானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் கம்பியெடுத்துத் தண்டு தண்டாகக் கட்டினாள்.

விடியற்காலையில் மழை கொட்டித் தீர்த்தது. ஊரார் கட்டிக்காத்த பூக்களெல்லாம் நனைந்த காகிதமாகச் சேற்றில் கிடந்தன. குய்லானின் வயல் மட்டும் கல்யாண வீடு போல ஜொலித்தது.

தலைவரின் வண்டி நேரே அங்கே வந்து நின்றது. புகைப்படக்காரர்கள் சூழ்ந்துகொள்ள, அவர் குனிந்து ஒரு பூவைப் பிடித்தார். பிடித்த கை அப்படியே நின்றது. நிமிர்ந்து குய்லானைப் பார்த்தார். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. கெங்குக்கு உள்ளங்கால் வரை வியர்த்தது.

தலைவர் மறுபடி குனிந்து ஆழமாக மூச்சிழுத்தார். "ஆகா, என்ன வாசனை!"

உடனே துணைத்தலைவர் முகர்ந்தார். அவருக்கு அடுத்தவர் முகர்ந்தார். இப்படியே பதவி வாரியாக இறங்கிக் கடைசியில் கெங்கின் முறை வந்தது. விசுவாசத்தில் அவர் முகத்தை அழுத்தியதில் கம்பி மூக்கில் குத்திவிட்டது. கண்ணீரோடு, "பிரமாதம்!" என்றார்.

"இந்த மழைக்கும் அசராம நிக்குதே! எப்படிம்மா வளத்தீங்க?" என்று கேட்டார் தலைவர்.

"எல்லாம் பெரியவங்க ஆசீர்வாதங்க," என்றாள் குய்லான்.

தேஷுன் இருமுவது போலத் திரும்பிக்கொண்டான்.

அவர்கள் போனதும் பூக்களை அவிழ்த்துச் சாக்கில் போட்டு, மேடுகளுக்குத் திரும்பக் கொண்டுபோனான். எந்தப் பூ யாருடையது என்று அவனுக்கு எங்கே நினைவிருக்கும்? கைக்கு வந்ததைக் குத்தினான். மறுநாள் காலை குய்லான் மண்வெட்டியோடு அந்தப் பக்கம் போனபோது, சூய் அத்தை இடுப்பில் கைவைத்துப் புருஷனின் சமாதியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் வெச்சது ரெண்டே பூ. இத்தனையும் வெச்சிட்டுப் போனவ எவ? சொல்லுய்யா, எவ அவ?"