நனைத்துப் போட்ட பெயர்கள்

ஒரு டெக்காலை, அதாவது தாளில் அச்சடித்த ஒட்டுப்படத்தை, தண்ணீரில் போட்டுவிட்டால் அப்புறம் உலகத்தில் வேறு வேலை கிடையாது. படம் அடித்தாளை விட்டுக் கழன்றுகொள்ள ஒரு நிமிடம் ஆகும். அதை வழுக்கி இறக்கிக் கப்பலின் மேல் உட்கார வைக்க இன்னும் சில நிமிடங்கள். கவனிக்காமல் விட்டால் தன்மேல் தானே சுருண்டு ஒட்டிக்கொண்டு வெங்காயச் சருகு மாதிரி ஆகிவிடும். மறுபடி காயவைத்து எடுத்து வைக்கிற பேச்சே இல்லை. இது என் அண்ணனுக்கு நன்றாகத் தெரியும்.

அன்றைக்கு நாலு மணிக்குள் நான் பல் செட் செய்யும் ஒரு லேபுக்குப் போய்ச் சேர வேண்டும். செயற்கைப் பல்லைச் செதுக்கி மெருகேற்ற, கை நடுங்காத ஆள் கேட்டிருந்தார்கள். "நாலு மணிக்குள்ள வந்து கையெழுத்துப் போட்டுடுங்க. இல்லேன்னா அடுத்தவங்களைக் கூப்பிட்டுடுவோம்" என்று காலையில் போனில் சொல்லிவிட்டார்கள். பஸ்ஸில் இருபது நிமிடம்.

அண்ணனிடம் சொன்னேன்.

"தாராளமா போயிட்டு வா. யாரு வேணாம்னா?" என்றார், தேன் ஒழுக. "அந்த ஆறாவது கப்பலை மட்டும் முடிச்சுக் குடுத்துட்டுப் போ."

எங்கள் வீட்டின் பின்னறைதான் பட்டறை. ஜன்னலுக்குக் கீழே என் மேஜை, அதன்மேல் விளக்கு, பூதக்கண்ணாடி, தண்ணீர்க் கிண்ணம். ஒரு கப்பல் கம்பெனியின் வரவேற்பறைக்காக உள்ளங்கை நீளத்தில் பன்னிரண்டு கப்பல்கள் செய்துகொண்டிருந்தோம். வார்ப்பதும் பெயின்ட் அடிப்பதும் அண்ணன். முகப்பின் இரண்டு பக்கத்திலும் பின்பக்கத்திலும் பெயர் ஒட்டுவது நான். ஒவ்வோர் எழுத்தும் கடுகில் பாதி. அண்ணன் ஒட்டினால் கப்பல் மூழ்குவதற்கு முன்பே பெயர் மூழ்கிவிடும். அதனால் பதினோரு வருடமாக அந்த நாற்காலி என்னுடையது. எனக்கு முப்பத்து நாலு வயது. இந்த வீட்டில் இன்னும் நான் பொடிசு.

இரண்டரைக்கு ஆறாவது கப்பல் முடிந்தது. ட்வீசரைக் கீழே வைத்தேன். பக்கத்தில் கிண்ணத்தில் தண்ணீர் சலசலத்தது.

"நனைச்சுட்டேன் பொடிசு. இது ஒண்ணுதான்."

ஏழாவது கப்பலின் இடப்பக்கம். வேறு வழியில்லாமல் எடுத்தேன். கப்பலில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, படத்தை அதன்மேல் மிதக்கவிட்டு, பிரஷ் நுனியால் நேராக்கினேன். பஞ்சுக் குச்சியால் ஈரத்தை ஒற்றிக்கொண்டிருக்கும்போதே மறுபடி சலசலப்பு.

"வலப்பக்கமும் நனைச்சுட்டேன். ஒரு பக்கம் மட்டும் பேரு இருந்தா நல்லாவா இருக்கும்?"

எனக்கு உள்ளே கொதித்தது. கை மட்டும் கொதிக்கவில்லை. பாழாய்ப்போன கை அது, எவ்வளவு கோபத்திலும் நடுங்காது. ஒருமுறை என்னைப் பெண் பார்க்க ஒருவர் வந்திருந்தார். அன்றும் அண்ணன் ஒன்று நனைத்தார், பிறகு இன்னொன்று. அந்த மனிதர் முன்னறையில் இரண்டு டீ குடித்துவிட்டு, முகம் கோணாமல் போய்விட்டார். தபாலில் படித்த படிப்பின் கடைசித் தேர்வும் அப்படித்தான் போயிற்று. ஒவ்வொரு முறையும் வேலை நெருக்கடி என்றுதான் நம்பினேன். படித்த முட்டாள் என்று என்னைத்தான் சொல்ல வேண்டும்.

அண்ணி வாசலில் நின்று, "பொடிசு, மணி மூணு" என்றாள்.

"இதோ ஆச்சு" என்று எனக்குப் பதிலாக அண்ணன் சொன்னார்.

ஏழாவதின் பின்பக்கத்தையும் முடித்தேன். எழுந்திருக்கப் போனேன். கிண்ணத்தில் இன்னொரு துண்டு கிடந்தது.

ட்வீசரால் எடுத்து விளக்கடியில் பார்த்தேன். அது எட்டாவது கப்பலின் பெயர் இல்லை, ஒன்பதாவதினுடையது. ஒன்பதாவது கப்பல் பக்கத்து அறையில் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு அடிப்பூச்சு காய்ந்தே முடியவில்லை. இந்தப் பெயரை ஒட்டுவதற்கு அந்த மேஜையில் கப்பலே இல்லை.

"அண்ணா, இதை எதுல ஒட்டணும்?"

அவர் எட்டிப் பார்த்தார். முகம் வெளிறியது.

"அவசரத்துல மாத்தி வெட்டிட்டேன்."

"யாருக்கு அவசரம்?"

அவர் தன் தடித்த விரல்களைத் தானே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ போயிட்டா நான் என்ன பண்ணுவேன் பொடிசு? எனக்கு இது வராதுன்னு உனக்கே தெரியும்" என்றார்.

பதினோரு வருடத்தில் அவர் என்னிடம் சொன்ன முதல் உண்மை அது. எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. அந்த இரக்கத்தைப் பார்த்து எனக்கே பயம் வந்தது, ஏனென்றால் இன்னும் கொஞ்சம் விட்டால் அது என்னை அந்த நாற்காலியிலேயே உட்கார வைத்துவிடும்.

பிளேடை எடுத்தேன். எட்டாவது கப்பலின் மூன்று பெயர்களையும் வெட்டினேன். மூன்றையும் ஒன்றாகக் கிண்ணத்தில் போட்டேன். எங்கள் தொழிலில் புத்தி உள்ள யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள்.

"நனைச்சுட்டேன் அண்ணா. உக்காருங்க."

அவர் என்னைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார். பெயர்கள் ஏற்கெனவே கழன்றுகொண்டிருந்தன.

வாசலில் அண்ணி என் பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "முழுக்க நனைஞ்சாச்சு, இனிமே முக்காடு எதுக்கு? கிளம்பு" என்றாள்.

படியில் இறங்கிவிட்டேன். அப்போது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"பொடிசு, சுருளுதும்மா. ஒரு நிமிஷம் வந்துட்டுப் போயேன்."

அந்தக் குரலில் நடிப்பு இல்லை. என் கால் நின்றுவிட்டது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ட்வீசர் பிடித்தாற்போல் தாமாகவே சேர்ந்துகொண்டன. நான் திரும்பி, படியில் மறுபடி கால் வைத்தேன்.

அண்ணி என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

"கெட்டுப்போகட்டும் பொடிசு. அப்பதான் அவரு கத்துக்குவாரு" என்றாள் கதவுக்குப் பின்னாலிருந்து. "பஸ்ஸைப் பாரு."

மணி மூன்று முப்பத்தைந்து. கதவில் வைத்த கையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.