நகக்கண் மண்

கணவனின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து, நகக்கண்ணில் அப்பியிருந்த இஞ்சிக்காட்டு மண்ணைத் தீக்குச்சி முனையால் சுரண்டிக்கொண்டிருந்தாள் அவள். சுண்டுவிரல்தான் பாக்கி.

"அண்ணி, அந்த ஆபீசர் வந்திருக்காரு," என்றாள் நாத்தனார். "எல்லை தாண்டி வந்து வாசல்ல நிக்கறாரு. கையில பூவோட."

பக்கத்து நாட்டுச் சோதனைச்சாவடி அதிகாரி. ஒரு கிழங்கின் இடுக்கில் துளி மண் இருந்ததென்று மூன்று லாரி இஞ்சியை ஆறு நாள் வெயிலில் நிறுத்தியவர். இரண்டு நாட்டு மந்திரிகளும் வர்த்தக ஒப்பந்தம் போட்டுக் கைகுலுக்கிய படம் அவர் தலைக்கு மேலேயே தொங்கியதாம். அதைக் காட்டிக் கெஞ்சிப் பார்த்த அவள் வீட்டு மனிதர், சரக்கை விட்டு வர மனமில்லாமல் லாரியடியிலேயே கிடந்து, ஆறாம் நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்.

அவள் எழுந்து போனாள். கேட்டைத் திறக்கவில்லை.

"முகத்தை ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேம்மா. ரெண்டு நாளா நான் கண்ணே மூடல."

"பூவைக் குடுங்க."

கம்பி வழியாக வாங்கினாள். காகிதத்தைப் பிரித்து, காம்பு காம்பாகத் திருப்பிப் பார்த்தாள், அவசரமே இல்லாமல்.

"மண்ணு இருக்கே சார்."

"எங்கம்மா?"

"இதோ. கடுகளவு."

"அது... எங்க வீட்டுத் தோட்டத்துல நானே பறிச்சதும்மா."

"அவரும் அப்படித்தான சொன்னாரு, எங்க காட்டு மண்ணுதான் சார்னு. நில்லுங்க. நிழலுக்குப் போயிடாதீங்க. கூப்பிடும்போது ஆள் இல்லேன்னா மறுபடியும் முதல்லேருந்து. நீங்க அவர்கிட்ட சொன்னதுதான்."



"போதும் அண்ணி," என்று காதருகே முணுமுணுத்தாள் நாத்தனார். "சாவுக்கு வந்தவரு."

"நான் என்ன போகவா சொன்னேன்? நிக்கத்தான சொன்னேன்."

உள்ளே வந்து கணவனின் சுண்டுவிரலைப் பிடித்தாள். தீக்குச்சியை எடுத்தாள். சற்று நேரம் பார்த்துவிட்டுக் குச்சியைக் கீழே போட்டு, விரலை உள்ளங்கைக்குள் மடக்கிவிட்டாள்.

தூக்க வந்தவர்களிடம், "பின்வாசல் வழியா எடுங்க," என்றாள்.

வண்டி தெருமுனை திரும்பிய பிறகு முன்பக்கம் வந்தாள். கேட்டுக்கு ஓரடி தள்ளி நல்ல மரநிழல். அதில் ஒதுங்காமல், சட்டை முதுகோடு ஒட்ட, அவர் வெயிலிலேயே நின்றிருந்தார்.