ஆமாம் சொல்லும் பெருவிரல்

துணியில் குறி வைக்கும் நீல சாக்பீஸால் தையல்காரி தன் கணவனின் உள்ளங்காலில், குதிகாலிலிருந்து மேல்நோக்கி ஒரு கோடு இழுத்தாள். "நான் யாருன்னு தெரியுதா?" பெருவிரல் மெல்ல மேலே எழுந்தது. அப்படியென்றால் ஆமாம்.

அவன் லிப்ட் பழுது பார்க்கிறவன். மூளையில் ரத்தம் கசிந்து, பதினோரு நாளாக இந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் திறக்காமல் கிடக்கிறான். நேற்று அவன் பாதத்தைத் துடைத்துவிடும்போதுதான் அவள் இதைக் கண்டுபிடித்தாள். கண்டுபிடித்தபின் சும்மா இருப்பாளா? நாத்தனாருக்கு போன் போட்டு, "ஒங்க அண்ணன் பேசுறாரு, கால்ல பேசுறாரு" என்று அழுதாள். வலிக்குதா? ஆமாம். வீட்டுக்குப் போலாமா? ஆமாம். அவன் விழுந்த அன்று காலை, ஏதோ சண்டையில், "எங்கயாவது போய்த் தொலைங்க" என்று சொல்லியிருந்தாள். அதை மன்னிச்சிட்டீங்களா என்று கேட்டதற்கும் ஆமாம். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற மனுஷனுக்கு இவ்வளவு நல்ல புத்தியா! சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பத்து நாளில் நேற்றுதான் ஒரு வாய் சோறு அவளுக்கு உள்ளே இறங்கியது.

நரம்பு டாக்டரம்மா வந்து போர்வையை விலக்கினார். "என்னம்மா இது, காலெல்லாம் நீலக் கோடு?"

"எந்த எடத்துல கேட்டா பதில் சொல்றாருன்னு குறி வச்சேன் டாக்டர்."

டாக்டரம்மா சாவி முனையால் அதே கோட்டில் இழுத்தார். விரல் எழுந்தது. "பாத்தீங்களா!" என்றாள் இவள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"இப்படிக் கீறினா நமக்கெல்லாம் வெரல் கீழ மடங்கும்மா. கைக்கொழந்தைக்குத்தான் மேல போகும். பெரியவங்களுக்கு மேல போச்சுன்னா, மூளையிலேருந்து காலுக்கு வர்ற வழி அடிபட்டிருக்குன்னு அர்த்தம். அவர் அசைக்கல. அதுவா அசையுது."

"அப்ப நான் கேட்டதெல்லாம்?"

"அவருக்குக் கேக்குதா இல்லையான்னு இத வச்சு சொல்ல முடியாது. நீங்க பேசுறத மட்டும் நிறுத்தாதீங்க."

அவர் போனதும் இவள் செருப்பைக் கழற்றித் தன் காலிலேயே கீறிப் பார்த்தாள். விரல் சட்டென்று கீழே மடங்கியது. கூச்சம் வேறு. பாழாய்ப்போன காலே, நீ மட்டும் ஏன் ஒழுங்காக மடங்குகிறாய் என்று தன் கால்மேலேயே ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கிடைத்த மன்னிப்பு இப்போது கையில் இல்லை. அவன் குரலுக்கு, அந்த விதண்டாவாதத்துக்குக்கூட, மனசு ஏங்கியது.

மறுபடி சாக்பீஸை எடுத்தாள்.

"மன்னிச்சிட்டீங்களா? மன்னிக்கலன்னாலும் பரவால்லங்க. இல்லன்னு சொல்லுங்க. ஒரே ஒரு தடவ, இல்லன்னு சொல்லுங்க."

பெருவிரல் மேலே எழுந்தது. அவள் அதைத் தன் விரல்களுக்குள் பிடித்து மெல்லக் கீழே மடக்கினாள். விட மனமில்லாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.