வெற்றிடத்தில் ஒரு விழா

நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்தபடியாக மனித குலம் காணவிருக்கும் மகத்தான நிகழ்வு, வெள்ளிக்கிழமை காலை திண்டிவனம் புறவழிச்சாலைப் பொறியியல் கல்லூரியில் நடைபெறும் என்று விக்கிரவாண்டி டோல்கேட் வரைக்கும் பேனர் கட்டியிருந்தார்கள். அனைவரும் வருக. மதிய உணவு உண்டு.

நிகழ்வு இதுதான்: செம்பையும் எஃகையும் எலக்ட்ரான் கற்றையால் பற்றவைப்பது. இரண்டும் ஒரே கட்சியின் இரு கோஷ்டிகள் மாதிரி. செம்பு உருகி ஓடும் சூட்டில் எஃகு சும்மா சிவந்து நிற்கும். கற்றையோ காற்றுப் பட்டால் சிதறிவிடும். ஆகவே இரண்டையும் இரும்புப் பெட்டிக்குள் பூட்டி, பம்பு போட்டுக் காற்றை உறிஞ்ச வேண்டும். அது ஆராய்ச்சி மாணவி மலர்விழியின் பொறுப்பு. ஒட்டு விழுந்தால்தான் அவளுக்கு முனைவர் பட்டம்.

பம்பு ஓடியது. அழுத்தமானியின் முள் கொஞ்சம் இறங்கிப் பாதியில் நின்றுவிட்டது. துறைத்தலைவர் சக்கரபாணி மைக்கில் அறிவியல் மனப்பான்மை பற்றிப் பேசி முடித்தார். முள் அசையாததால் இன்னொரு முறை பேசினார்.

"இன்னா சார் பேஜாரு இது? பிரியாணி ஆறிக்கினு இருக்குது," என்றார் கல்லூரித் தாளாளர் தேவநாதன்.

"பொண்ணு சரியா துடைக்கலைங்க. ஒரு கைரேகை இருந்தாக்கூட வேலைக்காவாது," என்றார் சக்கரபாணி.

"நேத்தே அசிட்டோன் போட்டுத் துடைச்சு மூடிட்டுத்தான் சார் போனேன்," என்றாள் மலர்விழி.

"எதிர்த்துப் பேசாதம்மா!" என்று அதட்டினார் சக்கரபாணி.

"அப்ப மிஷின வேற ஆளுகிட்ட குடுங்க சார். இந்தப் பொண்ணு வேணாம்," என்றார் தாளாளர்.

மலர்விழி பெட்டியின் கதவருகே போனாள். மூன்று வருட உழைப்பு. "தொறந்து பாத்துடலாம் சார்," என்றாள்.

"தொறக்கவே கூடாது!" சக்கரபாணி மைக்கை மறந்து கத்தினார்.

அவர் நெற்றியில் புதுக் குங்குமம் இருப்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

"ஏன் சார் பதறுறீங்க? நீ தொறம்மா," என்றார் தாளாளர்.

காற்றை உள்ளே விட்டுக் கதவைத் திறந்தாள். எஃகுத் துண்டுக்குப் பின்னால், குங்குமம் தடவிய அரை எலுமிச்சம்பழம். அதன் ஈரம்தான் அத்தனை நேரமும் ஆவியாகிப் பம்புக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. ஆவியாகி ஆவியாகிச் சூட்டையெல்லாம் இழந்து பழம் ஐஸ்கட்டியாய் உறைந்திருந்தது.

"சில்லுனு இருக்குது சார்," என்று தாளாளரிடம் நீட்டினாள்.

"யாரு வெச்சது?"

சக்கரபாணி குரலைத் தாழ்த்தினார். "திருவக்கரை வக்கிரகாளியம்மன் கோயில்லேர்ந்து காலைல கொண்டாந்தேங்க. மிஷினுக்குக் கண்ணு பட்டுடக் கூடாதுன்னு..."

தாளாளர் கண்ணை மூடிக் கைகூப்பினார். "அம்மன் சமாச்சாரம், ஒண்ணும் சொல்றதுக்கில்ல. பொண்ணே மிஷினப் பாத்துக்கட்டும்."

சக்கரபாணி நிமிர்ந்தார். மைக்கைத் தட்டிப் பார்த்தார். "பெரியோர்களே! வெற்றிடத்தில் நீர் தானாகவே உறையும் என்ற அரிய உண்மையை எமது துறை இன்று உங்கள் கண்முன்னே நிரூபித்திருக்கிறது!"

கைதட்டல் அடங்குவதற்குள் பந்தி ஆரம்பித்துவிட்டது.

மலர்விழி பெட்டியைத் துடைத்து மூடினாள். பம்பைப் போட்டாள். முள் அடிமட்டம் வரை இறங்கியது.

எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது செம்பும் எஃகும் ஒட்டிக்கொண்டன.