அழித்த கோடு

கட்டிலடியில் இருந்த பிளாஸ்டிக் பெட்டியைக் குனிந்து பார்த்த நர்ஸ் நிமிர்ந்தபோது அவள் முகம் மாறியிருந்தது. "காலைல பத்து மணிக்கு நான் போட்ட கோடு எங்க?"

கட்டிலில் படுத்திருந்தவருடைய நெஞ்சிலிருந்து வரும் குழாய் அந்தப் பெட்டியில்தான் முடிந்தது. நுரையீரலில் கட்டி இருந்த பகுதியை வெட்டி எடுத்து இரண்டு நாள் ஆகிறது. உள்ளே கசிகிற ரத்தம் பெட்டியில் சேரும். எதுவரை சேர்ந்திருக்கிறது என்று நர்ஸ் நீல மையில் கோடு கிழித்துவிட்டுப் போவாள். அந்தக் கோட்டைத்தான் அவர் மனைவி துடைத்து எடுத்திருந்தாள். பதினாறு வருடமாக ஒரு பெரிய அலுவலகத்தில் கண்ணாடித் தடுப்புகளைத் துடைக்கிற வேலை அவளுக்கு. கூட்டம் போட்டவர்கள் கிறுக்கிவிட்டுப் போனதையெல்லாம் அழித்து அழித்து, மைக்கறை கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது. அவர் அசந்து தூங்கிய நேரத்தில் கட்டில் கம்பி, மேசை, தண்ணீர் ஜாடி என்று துடைத்துக்கொண்டே வந்தவள், அந்தப் பெட்டியையும் பளபளவென்று ஆக்கிவிட்டாள்.

அவள் வாய் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"நான்தான் சிஸ்டர். தண்ணி கொட்டிட்டேன். அதுல அழிஞ்சிருக்கும்."

பஸ் ஓட்டுகிற மனுஷன். சாலையில் எவனோடும் மல்லுக்கு நிற்பார், ஆனால் ஒரு பொய்யை ஒழுங்காகச் சொல்ல இன்றுவரை வரவில்லை. ஜாடி அவருக்கு எட்டவே எட்டாது. இவளை யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாதென்று மூச்சு வாங்க வாங்கச் சொல்கிறார். அவர் உதடு வெளுத்திருந்ததையும் நெற்றி வேர்த்திருந்ததையும் அப்போதுதான் அவள் கவனித்தாள்.

நர்ஸ் அவர் நாடியைப் பிடித்தாள். "நேத்து ராத்திரி எழுதினது எரநூறு மில்லி. இப்ப எழுநூறு இருக்கு. ராத்திரியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா வந்திருந்தா பரவால்ல. இப்ப மளமளன்னு வந்திருந்தா ஆபத்து. பத்து மணிக் கணக்க எழுதுறதுக்குள்ள என்னைப் பக்கத்து வார்டுக்குக் கூப்பிட்டுட்டாங்க."

"அவர் பொய் சொல்றாரு சிஸ்டர், அழிச்சது நான். கோடு முந்நூறுல இருந்துச்சு. பெட்டியில அச்சடிச்ச மூணு மேல ஏறின மை துணிக்குப் போகல, நகத்தால சுரண்டினேன்."

நீட்டிய விரலின் நகக்கண்ணில் நீலம் ஒட்டியிருந்தது.

"முந்நூறுதானா? நிச்சயமா?"

"என் கை செஞ்ச வேலை சிஸ்டர். எனக்குத் தெரியாதா?"

"அப்படின்னா ஒரு மணி நேரத்துல நானூறு!" நர்ஸ் ஓடினாள். திரும்பி வந்தபோது டாக்டரும் கூட வந்தார். பெட்டியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பிறகு இவளிடம் வந்தார். "வெட்டின இடத்தைச் சின்னச் சின்னப் பின் அடிச்சு மூடியிருக்கோம்மா. ஏதோ ஒரு பின்னோட முனை பக்கத்து ரத்தக் குழாயில உரசுதோன்னு சந்தேகமா இருக்கு. திரும்பத் திறந்துதான் பாக்கணும். உடனே."

அவள் கையெழுத்துப் போட்டாள். எங்கே போடுகிறோம் என்றுகூடப் பார்க்கவில்லை. தள்ளுவண்டி நடைபாதையில் விரைந்தபோது அவர் கையைப் பிடித்தபடி கூடவே ஓடினாள். இந்த மனுஷன் இல்லாமல் தனக்கு ஒரு நாள்கூட ஓடாது என்பதை இத்தனை வருடத்தில் ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது.

"போட்டுக் குடுத்துட்டியே," என்றார் அவர். குரல் காற்றாக வந்தது.

"பின்ன? பேசாம வாங்க. மூச்ச வீணாக்காதீங்க."

"திட்டினாங்களா?"

"இல்லங்க. யாரும் ஒண்ணும் சொல்லல."

ஆபரேஷன் தியேட்டர் கதவுக்கு முன்னால் கையை விடச் சொன்னார்கள். விட்டாள். வண்டி பாதி உள்ளே போன பிறகுதான் போர்வைக்கு வெளியே அவர் பாதங்கள் நீட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. எட்டிப் போய் போர்வையை இழுத்து மூடினாள். மூடிய கையை எடுக்க முடியவில்லை. பாதம் சில்லென்று இருந்தது. துணியோடு சேர்த்து இரண்டு உள்ளங்கைகளாலும் தேய்த்தாள். வண்டி தள்ளியவர், கதவு மூடாமல் முதுகால் முட்டுக்கொடுத்தபடி நின்றிருந்தார்.