நூறு கோடிக்கு ஒன்று

செருப்பைக் கழற்றவும் மறந்து ஹம்சிகா வீட்டுக்குள் பாய்ந்தாள். உயிலங்குளம் சந்தியில் பஸ்ஸைவிட்டு இறங்கியதிலிருந்து ஓட்டந்தான். அப்பா நவரத்தினத்தை, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்றைக்கோ நாளைக்கோ என்று மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அதற்குள் சொல்லிவிட வேண்டும்.

“அப்பா, கணக்கு சரிவந்திட்டுது!”

“சாகக் கிடக்கிற மனிசனோடை என்னடி கதை? கடவுளின்ரை பேரைச் சொல்லு,” என்று பெரியம்மா சீறினாள்.

ஹம்சிகாவுக்கு அது காதில் விழவே இல்லை. பிரபஞ்சம் கொதிக்கக் கொதிக்கப் பிறந்தபோது பொருளும் அதற்கு நேர் எதிரான பொருளும் சரிசமமாகத்தான் உண்டாயின. இரண்டும் முட்டினால் இரண்டுமே இல்லாமற்போகும். அப்படியானால் வயலும் மாடும் நாமும் எப்படி மிஞ்சினோம்? இந்த இடத்தில்தான் அவளுடைய நாலு வருஷ ஆராய்ச்சி சேற்றில் புதைந்து நின்றது. போன சிறுபோக அறுவடை முடிந்து, பெரிய அண்டாவில் நெல் அவித்துக்கொண்டிருந்த அப்பா, போகிற போக்கில் கேட்டார்: “கொதி கிடாரம் முழுக்க ஒரேயடியாத் தொடங்கிறேல்லை, அங்கையிங்கை குமிழிதான் வருது. உன்ரை உலகம் மட்டும் ஒரேயடியா ஆறினதோ?”

அந்த நுனியைத்தான் அவள் பிடித்துக்கொண்டாள்.

“குமிழி குமிழியாத்தான் ஆறியிருக்கவேணும் அப்பா. குமிழியின்ரை விளிம்பிலை சமன் குழம்பி, நூறு கோடிக்கு ஒண்டு மிஞ்சுது. அந்த ஒண்டுதான் நாங்கள்!” அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

அப்பா கண் திறந்தார். உதடு நெடுநேரம் அசைந்தது.

“மிஞ்சினது… குமிழிக்குள்ளை போய்… திரும்பக் கரையாதோ?”

ஹம்சிகாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாவி மனிதர், இந்த நேரத்திலும் சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். அதை அவள் பார்க்கவே இல்லை.

“பொறுங்கோ அப்பா, பாத்துச் சொல்லுறன். போயிடாதேங்கோ!”

குசினி மேசையில் மடிக்கணினியை விரித்தாள். எண்களெல்லாம் ஏற்கெனவே இருந்தன, சேர்த்துப் பார்ப்பதுதான் வேலை. விடை வந்தது. கரையாது! இன்னொரு முறை பார்த்தாள். கரையாதுதான்!

“அப்பா!” என்று கத்திக்கொண்டே ஓடிவந்தாள்.

அறையில் பெரியம்மா ஒப்பாரியைத் தொடங்கியிருந்தாள். அம்மா மங்கையற்கரசி வெள்ளைத் துணியொன்றால் அப்பாவின் தாடையைக் கட்டிக்கொண்டிருந்தாள். இந்தக் கணக்கைப் பற்றி ஒருநாளும் ஒரு வார்த்தை கேளாதவள், மகளை நிமிர்ந்து பார்த்தாள்.

“என்னவாம்?”

“கரையாது அம்மா.”

அம்மா முடிச்சை இறுக்கினாள். பிறகு குனிந்து அவருடைய காதுக்குள் சொன்னாள்:

“இஞ்சேருங்கோ, கரையாதாம்.”