ஜன்னலின் மாமியார்

வேலையை விட்டு மாதங்கள் ஆகியும் சின்னவளின் தூக்கம் மட்டும் இன்னும் ராஜினாமா செய்யவில்லை. கால்சென்டரில் இரவெல்லாம் விழித்துப் பழகிய உடம்பு, மதியம் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்ததும் சோபாவில் போய் விழும். ஆழ்ந்த தூக்கமும் கிடையாது, விழிப்பும் கிடையாது. வெயில் திரைச்சீலை வழியாக மஞ்சளாக உள்ளே வரும். தெருவில் போகிற வண்டியின் சத்தம் தண்ணீருக்கடியில் கேட்பதுபோல் கேட்கும். அந்த நேரத்தில் அவள் இருப்பது வீட்டிலா வேறெங்காவதா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

ஏன் விட்டாய் என்று கேட்டவர்களுக்கு அவள் பதில் சொன்னதில்லை. சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. இரவெல்லாம் வேறொரு பேரில், வேறொரு குரலில், முகம் தெரியாதவர்களிடம் திட்டு வாங்கினாள். ஒருநாள் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு போன் அடித்தால் எடுப்பதில்லை. தெரியாத மனிதரிடம் பேசுவதும் இல்லை.

அக்கா அப்படி இல்லை. அவளுக்குப் பேச்சுதான் பிழைப்பு. வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் நிலையம் ஒன்றில் டீச்சர். அந்த வருடம் நிலையத்தில் ஒரு புது ஏற்பாடு. வகுப்பில் வாய் திறக்காதவர்கள் இணையத்திலாவது எழுதட்டும் என்று ஒரு விவாதக் குழுவைத் திறந்தார்கள். கூச்சம் போகட்டும் என்று எல்லோருக்கும் புனைபெயர். வாரத்துக்கு ஒரு பதிவு, மற்றவர்களின் பதிவுகளில் இரண்டுக்குப் பதில். இதுதான் சட்டம்.

சட்டத்தை எல்லோரும் அட்சரம் பிசகாமல் மதித்தார்கள். திரைச்சீலைக் கடையில் தைக்கும் பெண் 'கத்தரிக்கோல்' என்ற பேரில் வந்து, "எனக்கு மழை பிடிக்கும்" என்று எழுதினாள். 'ரிட்டயர்' என்ற ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், "நன்று, ஒத்துக்கொள்கிறேன்" என்றார். 'ஸ்பேனர்' என்ற லிஃப்ட் மெக்கானிக்கும் "நன்று, ஒத்துக்கொள்கிறேன்" என்றார். அவ்வளவுதான். எல்லாம் ஆங்கிலத்தில்.

"குழுவா இது? இரங்கல் கூட்டம்!" என்றாள் அக்கா, லேப்டாப்பைத் தள்ளிவிட்டு. "ஒருத்தரும் ஒருத்தர்கிட்ட பேசறதில்லடி. இப்படியே போனா கோர்ஸையே மூடிருவாங்க."

சின்னவள் சோபாவிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள். "ஒரு குறையக் குடு."

"என்ன?"

"மழை பிடிக்கும்னா எவன் பேசுவான்? எங்கேயாவது ஒண்ணு உடைஞ்சிருக்குன்னு சொல்லு. ஊரே பேசும். நான் அதுலதானே சோறு தின்னேன்."

"அடுத்த பாடமே 'ஆலோசனை சொல்லுதல்'தான்," என்றாள் அக்கா மெதுவாக. பிறகு தங்கையைப் பார்த்தாள். கடன் கேட்க வந்தவள் பார்ப்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. "நீயே ஒரு ஆளா வந்து எழுதேன். வகுப்புக்கு வர முடியாத மாணவின்னு சொல்லிக்கறேன். கொஞ்சம் தப்பு விட்டு எழுதணும், சரியா?"

"தப்பு விடறதுக்கு எனக்கு ட்ரெய்னிங் வேணாம்."

அப்படிப் பிறந்தவள்தான் 'ஜன்னல்'.

ஜன்னலுக்கு ஒரு வீடு வேண்டும் அல்லவா? அதை அந்த மதியத் தூக்கமே கட்டிக்கொடுத்தது. ஆறாவது மாடி. ஜன்னலுக்கு எதிரே சாம்பல் நிறத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி. அதற்குக் கீழே ஒரு சாயப்பட்டறை முற்றம், கொடிகளில் ஈரத்துணி. காற்றடித்தால் முற்றம் முழுக்க நீலமும் சிவப்பும் புரளும். வீட்டில் நடக்க முடியாத மாமியார். கட்டடத்தின் லிஃப்ட் போன மழைக்காலத்தில் நின்றது, நின்றதுதான். "ஒரே ஒரு தடவை என்னைத் தெருவுக்குக் கூட்டிப்போ என்கிறார் மாமியார். நான் என்ன செய்யட்டும்?" என்று ஜன்னல் எழுதினாள்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது.

கத்தரிக்கோல், மாமியாரை உட்கார வைத்துத் தூக்கிவர ஒரு தூளி தைத்துத் தருவதாகச் சொன்னாள். எவ்வளவு எடை, எவ்வளவு உயரம், கறை தெரியாத நிறமாகப் போடலாமா என்று கேள்விமேல் கேள்வி. ரிட்டயர், தன்னோடு வேலை பார்த்த நான்கு பேரைக் கூட்டிவந்து தூளியைத் தாங்கிப் பிடிப்பதாகவும், அதில் ஒருவருக்கு முதுகுவலி என்பதால் அவர் வழிகாட்டியாக முன்னால் நடப்பார் என்றும் எழுதினார். "அந்த முதுகுவலிக்காரர் பஸ்ஸிலேயே வழி தவறியவர்" என்று இன்னொருவர் கேலி செய்தார். அக்கா வீட்டில் குதித்தாள். "பாத்தியாடி! நிபந்தனை வாக்கியம் எல்லாம் தானா வருது!"

ஆனால் ஸ்பேனர் கேலி எதிலும் கலந்துகொள்ளவில்லை. வகுப்பில் அந்த மனிதர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருப்பார் என்று அக்கா சொல்லியிருந்தாள். பேர் கேட்டால்கூடத் தொண்டை அடைத்துக்கொள்ளும். அந்த மனிதர் ஒரு பக்க நீளத்துக்கு எழுதினார். பட்டனை அமுக்கினால் விளக்கு எரிகிறதா? உள்ளே முனகல் சத்தம் வருகிறதா? கதவு முழுதாக மூடுகிறதா? வீட்டு விலாசம் என்ன? ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன், காசு வேண்டாம்.

மற்ற கேள்விகளுக்குச் சின்னவள் நெட்டில் தேடிப் பதில் எழுதினாள். விலாசத்துக்கு மட்டும், "கட்டட உரிமையாளர் கோபக்காரர். வர வேண்டாம்" என்று எழுதினாள்.

அதோடு விட்டிருக்க வேண்டும். ஸ்பேனர் விடவில்லை. தண்ணீர்த் தொட்டி, சாயப்பட்டறை, ஆறு மாடி. இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு வேலை முடிந்ததும் தேடக் கிளம்பிவிட்டார். தேடிய இடத்தையெல்லாம் குழுவில் எழுதினார்.

"இன்று ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் போனேன். தொட்டி இருக்கிறது. பட்டறை இல்லை. ஒரு நாய் கூடவே வந்தது."

"இன்று பட்டறை இருக்கிறது. தொட்டி பச்சை நிறம். ஜன்னல், உங்கள் தொட்டிக்குச் சாயம் பூசினார்களா?"

சின்னவள் சோபாவில் படுத்தபடி அதைப் படித்தாள். படிக்கப் படிக்க அவர் நடந்த தெருக்கள் அவள் கண்ணுக்குள் நீண்டன. சுவரில் உரிந்த சுண்ணாம்பு, மூடிய கடைகளின் இரும்புக் கதவு, தூரத்தில் காற்றில் ஏறி இறங்கும் நீலத்துணி. கண்ணை மூடினால் ஆறாவது மாடியில் நிற்பாள். பின்னால் மாமியார் இருமுவார். கீழே ஒரு மனிதர் தலையை அண்ணாந்து ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தபடி வருவார். இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம், இன்னும் ஒரு தெரு என்று அவள் வாய் முணுமுணுக்கும். அவர் கண்டுபிடித்துவிடுவார் என்றே தோன்றும். இல்லாத வீட்டை எப்படிக் கண்டுபிடிப்பார் என்ற எண்ணம் விழித்த பிறகுதான் வரும். அதற்குள் தேநீர் நேரமாகிவிடும்.

ஒருமுறை அக்காவிடம் சொன்னாள். "இதை நிறுத்திடலாம்க்கா. அந்த ஆளு நிஜமாவே அலையறாரு."

"இந்த ஒரு வாரம் விடுடி. அடுத்த பாடம் 'வழி கேட்டல்'."

"நல்லா இருக்கு உன் பாடம்."

"ஏன், நீ மட்டும் தினமும் மூணு தடவை திறந்து பாக்கலியா?"

சின்னவள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பொய்யில்லையே.

அடுத்த வாரம் திங்கட்கிழமை ரிட்டயரின் பதிவு வந்தது. கேலி எதுவும் இல்லாமல் வந்த முதல் பதிவு. ஸ்பேனர் ஒரு கட்டடத்தைக் கண்டுபிடித்துவிட்டார். ஆறு மாடி, சாம்பல் தொட்டி, பட்டறை, நின்றுபோன லிஃப்ட், எல்லாம் இருந்தன. இதுதான் என்று நம்பி, கம்பெனிச் சட்டையோடு மேலே ஏறி, கம்பெனிச் சாவியால் மெஷின் அறையைத் திறந்திருக்கிறார். அந்த லிஃப்டைப் பராமரிப்பதோ வேறொரு கம்பெனி. காவலாளி பிடித்துவிட்டான். திருட வந்தாயா என்று கேட்டிருக்கிறார்கள். இப்போது அவருடைய கம்பெனியில் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். புதன்கிழமை கம்பெனி அலுவலகத்தில் விசாரணை; அதன் விலாசத்தையும் ரிட்டயர் போட்டிருந்தார்.

அதன் கீழே ஸ்பேனரே எழுதியிருந்தார். "அன்புள்ள ஜன்னல், அந்த வீட்டில் குடியிருக்கும் ஒருவர் கூப்பிட்டதால் போனேன் என்று சொன்னேன். யார் என்று கேட்டார்கள். ஜன்னல் என்றேன். சிரித்தார்கள். தயவுசெய்து வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள். இல்லாவிட்டால் வேலை போய்விடும். உங்கள் வீட்டு உரிமையாளரிடம் உங்கள் பேரைச் சொல்ல விடமாட்டேன்."

அக்காவின் முகம் வெளுத்தது. "கணக்க அழிச்சிடு. ஜன்னல் ஊரை விட்டுப் போயிட்டான்னு நான் வகுப்புல சொல்லிக்கறேன்."

"அப்ப அந்த ஆளு?"

"நான் என்னடி பண்ணட்டும்? அவரைப் போய்த் தேடுன்னு நானா சொன்னேன்?"

"வழி கேட்டல் பாடம் நடத்தினவ யாரு?"

"கதவு, தொட்டின்னு அளந்துவிட்டவ யாரு?"

கொஞ்ச நேரம் இருவரும் ஒருவரையொருவர் முறைத்தார்கள். பிறகு அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவளுக்குக் கோபம் வந்தால் பாத்திரம் கழுவுவாள். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

புதன்கிழமை சின்னவள் வெளியே கிளம்பினாள். பகல் வெயில் அவளுக்குப் பழக்கம் விட்டுப் போயிருந்தது. தெரு பளபளவென்று, யாரோ இப்போதுதான் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. பஸ்ஸின் கண்ணாடி வழியே கட்டடங்கள் நகர்ந்தபோது, அனிச்சையாக அவள் கண் தண்ணீர்த் தொட்டிகளை எண்ணத் தொடங்கியது. சே என்று தலையைத் திருப்பிக்கொண்டாள்.

லிஃப்ட் கம்பெனியின் அலுவலகம் ஒரு கிடங்குக்குப் பின்னால் இருந்தது. எண்ணெய் வாசனை. சுவரோரம் உருளைகளும் கம்பிவடச் சுருள்களும் கிடந்தன. பெஞ்சில் இரண்டு பேர். நரைத்த மீசைக்காரர் ரிட்டயராகத்தான் இருக்க வேண்டும், துணைக்கு வந்திருக்கிறார். மற்றவர் குனிந்து உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் வாசலில் நின்றதும் அவர் நிமிர்ந்தார். எழுந்தார்.

"ஜன்னல்?" என்றார். பிறகு ஆங்கிலத்தில், தட்டுத்தடுமாறி, ஆனால் உரக்க, "நீங்கள் வருவீர்கள் என்று எனக்குத் தெரியும்," என்றார். ரிட்டயர் வாயைப் பிளந்தார். ஸ்பேனரின் குரலை வகுப்பில் ஒருவரும் கேட்டதில்லை.

மேசைக்குப் பின்னாலிருந்த மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்கதானாம்மா அது? லிஃப்ட் ரிப்பேருன்னு இவரைக் கூப்பிட்டது நீங்கதானா?"

ஆமாம் என்று சொல்வது எளிது. அந்தக் குரல் தொண்டையில் தயாராக இருந்தது. மென்மையான, பணிவான, கால்சென்டரில் ஆயிரம் முறை பொய் சொன்ன குரல். ஆமாம் சார், என் மாமியார் பாவம் சார் என்று அழக்கூடச் செய்வாள். அடுத்த கேள்வி எந்த வீடு என்று வரும். அதற்கும் ஏதாவது சொல்லிவிடலாம். பிறகு அவர்கள் போய்ப் பார்ப்பார்கள். இந்த மனிதர் அப்போது கூட்டுக் களவாணி ஆவார்.

"நான் கூப்பிடலை," என்றாள். "அந்தக் கட்டடத்துல நான் இல்லை. எந்தக் கட்டடத்துலயும் இல்லை. ஜன்னல்னு ஒரு ஆளே கிடையாது. எங்க அக்கா இங்கிலீஷ் டீச்சர். வகுப்புல பேச்சு வரணும்னு நான் கதை எழுதினேன். இவர் அதை நம்பிட்டாரு."

தன் சொந்தக் குரலில் அவள் இவ்வளவு நீளமாகப் பேசிப் பல மாதம் ஆகியிருந்தது. அது கரகரவென்று, யாரோ ஒருத்தியுடையதுபோல் இருந்தது.

மேலாளர் அவளைப் பார்த்தார், ஸ்பேனரைப் பார்த்தார். "கேப்பையில நெய் வடியுதுன்னா கேக்கறவனுக்குப் புத்தி எங்கய்யா போச்சு?"

ஸ்பேனர் மறுபடி உள்ளங்கையைப் பார்த்தார்.

"திருட்டு இல்லன்னு எழுதிக்கறேன்," என்றார் மேலாளர். "வேலை இருக்கும். ஆனா மெஷின் ரூம் சாவி இனி உன் கையில கிடையாது. உதவியாளா போ. அந்தக் கம்பெனிக்காரன் வாயை நான் அடைக்கணும்ல. இந்தம்மா சொன்னதையும் கையெழுத்துப் போட்டுத் தரணும். டீச்சர் பேரு, நிலையத்தோட பேரு, எல்லாம்."

சின்னவள் கையெழுத்துப் போட்டாள். அக்காவின் பேரை எழுதும்போது கை ஒரு கணம் நின்றது. பிறகு எழுதிவிட்டாள்.

வெளியே வந்ததும் ரிட்டயர் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, வயசுப் பொண்ணு, வேற விளையாட்டே கிடைக்கலையா? தூளிக்குத் துணிகூட வெட்டிட்டா அந்தத் தையக்காரப் பொண்ணு. என் கூட்டாளிக்கு முதுகுவலிக்கு மாத்திரைகூட வாங்கிக் குடுத்திருக்கேன்!"

"தப்புதான்," என்றாள். வேறு சொல் அவளிடம் இல்லை.

ஸ்பேனர் கிடங்கின் படியில் உட்கார்ந்துவிட்டார். வெயில் அவர் காலில் விழுந்து கிடந்தது. பிறகு கேட்டார், இப்போது ஆங்கிலத்தில் அல்ல.

"அந்தக் கிழவி?"

"யாரு?"

"உங்க மாமியார். நடக்க முடியாம மேலயே கெடக்கறாங்கன்னீங்களே."

"அவங்களும் இல்லைங்க. நான் எழுதினதுதான்."

"எங்கயும் இல்லியா?"

"இல்லை."

"தெருவைப் பாக்கணும்னு கேட்டதும்?"

"யாரும் கேக்கலைங்க."

அவர் இரண்டு கையாலும் முகத்தை அழுத்தித் துடைத்தார். திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள்.

"அப்பாடா," என்றார். "இத்தனை நாளும் எனக்குச் சோறு எறங்கலைம்மா. அந்தக் கட்டடத்துல என்னைப் பிடிச்சு இழுத்துட்டுப் போறப்பகூட அதே நெனப்பு. ஒரு ஒயர் மாட்டினா ஓடியிருக்கும், அதுக்குள்ள பிடிச்சுட்டானே, அந்தம்மா இன்னும் மேலயே கெடப்பாங்களேன்னு." மூச்சை இழுத்து விட்டார். "யாரும் கெடக்கலை. நல்லது."

பிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது. எழுந்து, அவளைத் திரும்பிப் பார்க்காமல், ரிட்டயரின் தோளைப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.